முழு நிமிஷம்

முப்பத்துநாலு. இல்லை, முப்பத்துமூணு. திரும்பவும் முப்பத்துநாலு. தலைமாட்டுப் பெட்டியில் பச்சை எழுத்தில் அந்த எண் மாறிக்கொண்டே இருந்தது. பார்க்கவே கூடாது என்று கண்ணை இறுக மூடுவதும், மூடின கண்ணை ஓரமாகத் திறந்து பார்த்துக்கொள்வதுமாகக் கிடந்தாள் இசக்கியம்மாள். மணி எட்டேகால். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான நடை, சுவரோரம் சக்கரம் வைத்த கட்டில், அதில் பச்சை அங்கியும் தானுமாக இவள். இடது தோளெலும்புக்குக் கீழே பூசின காவி நிற மருந்து காய்ந்து தோலை இழுத்துப் பிடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைக் கீறி, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பெட்டியை உள்ளே வைத்து, அதிலிருந்து ஒயரை இருதயத்துக்கு விட்டுத் தைத்துவிடுவார்கள். பேஸ்மேக்கர். முப்பத்தோரு வயசில். அந்த வார்த்தையைக் கேட்டால் இவளுக்கு ரிட்டையர் ஆனவர்களும், பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறவர்களும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பி.டி. டீச்சர், எண்ணூறு மீட்டரில் மாவட்டத்திலேயே மூன்று வருஷம் முதலாவதாக வந்தவள், அந்த வரிசையில் எப்போது போய் நின்றாள் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறாள், பிடிபடவில்லை. சிஸ்டர் ஜெசிந்தா வந்து தோடு, வளையல், தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் கழற்றினாள். புருஷன் சங்கரவேல் அதையெல்லாம் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். விசிலை மட்டும் கொடுக்கவில்லை. நீல நாடாவில் கோத்த எவர்சில்வர் விசில். செவ்வாய்க்கிழமை மைதானத்தில் விழுந்தபோது கழுத்தில் கிடந்தது, அப்படியே கூட வந்துவிட்டது. இதையும் குடுங்க டீச்சர் என்று சிஸ்டர் ரெண்டு தரம் கேட்டாயிற்று. இந்தா குடுத்துடுதேன் சிஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே வலது உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இருதயம் மெதுவாக அடிக்கிறது என்பது இவளுக்குப் புது விஷயம் இல்லை, அதுதான் கொடுமை. பெருமையாக அல்லவா சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஓடுகிறவர்களுக்கு நாடி மெதுவாகத்தான் அடிக்கும், பழகின இருதயம் ஒரு அடியில் ரெண்டு அடியின் வேலையைப் பார்த்துவிடும் என்று காலேஜில் படித்தது. படித்ததில் பொய்யும் இல்லை. காலேஜில் ஐம்பத்தாறு. கல்யாணத்தின்போது ஐம்பது. மகள் சண்முகப்ரியா பிறந்த பிறகு நாற்பத்துநாலு. குறையக் குறைய இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் தமிழ் டீச்சர் லூர்துமேரியின் மணிக்கட்டைப் பிடித்து, எண்பத்தெட்டு டீச்சர், படியேறினா லாரி மாதிரி இரைக்கீங்க, இந்தா என்னதப் பாருங்க, நாப்பது, என்று கையை நீட்டுவாள். அடிப்பாவி மகளே, என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள், நாப்பது என்ன நாப்பது. மாடி ஏறினால் கண் இருட்டும், அது வெயில். சாயங்காலம் கால் ரெண்டும் கல்லைக் கட்டினதுபோல் இருக்கும். அது நாளெல்லாம் நின்றது. தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அடுப்படி கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி வரும். அது காலையில் சாப்பிடாமல் ஓடினது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தாள். போதாததற்கு அந்த ஆறு நொடிக் கணக்கு. ஓடி முடித்ததும் கழுத்தில் விரலை வை, ஆறு நொடி எண்ணு, வந்ததோடு ஒரு சைபரைச் சேர். பதினாறு வந்தால் நூற்றறுபது, முடிந்தது வேலை. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷ பீரியடில் வேறு என்னதான் செய்ய முடியும்? தனக்கும் அப்படித்தான் எண்ணினாள். நாலு, சைபர், நாற்பது. ஆறு நொடிக்குள் தப்பிப்போனது எத்தனையோ, யார் கண்டார்கள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் மாரிச்செல்வி என்று ஒரு ஒல்லிக்குச்சி இருக்கிறாள். அவளுக்கு மட்டும் இந்தக் கணக்கு வரவே வராது. ஆறு நொடி எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று தடுமாறிவிட்டு, முழு நிமிஷத்தையும் எண்ணிக்கொண்டு நிற்பாள். மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்த பிறகும் கழுத்தில் விரலோடு, உதடு அசைய, ஒற்றையாக நிற்பாள். ஆகஸ்டில் ஒருநாள், இப்படித்தான் எண்ணணும் என்று காட்டுவதற்காக இவள் தன் மணிக்கட்டையே அவளிடம் கொடுத்தாள். அவள் பாட்டுக்கு முழு நிமிஷமும் எண்ணிவிட்டு முப்பத்திரெண்டு டீச்சர் என்றாள். கேட்டுக்கோங்க பிள்ளைகளா, இதுதான் ஓட்டக்காரி இருதயம் என்று இவள் சிரித்தாள். அவள் விரலை எடுக்கவில்லை.

“நடுவுல நடுவுல நிக்குது டீச்சர்” என்றாள்.

நிக்குதாம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். இவளுக்கு வந்ததே கோபம். விரலை ஒழுங்கா வைக்கத் தெரியல, இதுல டீச்சருக்கே நிக்குதுன்னு சொல்ல வந்துட்டா, போ, ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா. அவள் ஓடினாள். அந்த வெயிலில், செருப்பில்லாத காலோடு, மற்றப் பிள்ளைகள் குறுக்குவழியாகச் செய்கிற மாதிரி வாதாம் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் மூலைவரைக்கும் போய்த் திரும்பி, ரெண்டு ரவுண்டையும் முழுசாக ஓடினாள். இவள் நிழலில் நின்று ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை இப்போது நினைத்தாலும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. முப்பத்துமூணு. நினைத்தால் குறைகிறதோ? நினைக்காதே. வேறு எதையாவது நினை. ஆனால் மனசு சும்மா இருக்கிறதா, செவ்வாய்க்கிழமைக்குத்தான் போகிறது. மூன்றாம் பீரியட். விசிலை வாயில் வைத்தது ஞாபகம் இருக்கிறது, ஊதினது இல்லை. விழித்தபோது மண் வாசனை, நெற்றிக்கு மேலே வட்டமாகப் பிள்ளைகளின் முகங்கள், அவற்றின் நடுவே இவள் மணிக்கட்டைப் பிடித்தபடி மாரிச்செல்வி, உதடு அசைந்துகொண்டிருக்கிறது. அழவில்லை அந்தப் பிள்ளை. மற்றவையெல்லாம் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க அவள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆட்டோவில் அள்ளிப்போட்டு முதலில் போனது பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு. வெயில் மயக்கம்தான், ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்தினா சரியாயிரும் என்று அந்த டாக்டர் ஊசியை எடுத்துவிட்டாராம். சார், ஒரு நிமிஷத்துக்கு இருபத்தெட்டு சார், நடுவுல நிக்குது சார் என்று கூடவே ஏறி வந்த இந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. நீ வெளியே நில்லும்மா என்றாராம் அவர். நிற்கவில்லை. ரெண்டு ரவுண்டு ஓட விட்டவளுக்காக, நீங்களே எண்ணிப் பாருங்க சார், முழு நிமிஷம் எண்ணிப் பாருங்க சார் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நல்ல மனுஷன், எண்ணிப் பார்த்தார். எண்ணிவிட்டு ஈ.சி.ஜி. எடுத்தார், எடுத்த கையோடு ஆம்புலன்சுக்குச் சொன்னார். இதெல்லாம் கூட வந்த லூர்துமேரி டீச்சர் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். சொல்லும்போதே அவள் மூக்கைச் சிந்தினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போயிருந்தால், ராத்திரியே ஒரு நீளமான நிறுத்தம் வந்திருக்கும் என்று இங்கே டாக்டர் நெல்சன் சொன்னார். நீளமான நிறுத்தம். எவ்வளவு பதவிசாகச் சொல்கிறார்கள்.

டாக்டர் நெல்சன் சின்ன வயசுக்காரர், இவளைவிட ரெண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். படம் போட்டெல்லாம் விளக்கினார், இவளுக்கு ஏறவில்லை. பிறகு இவள் கையிலிருந்த விசிலைப் பார்த்துவிட்டு, டீச்சர், மேல் அறைதான் விசில் ஊதுறது, கீழ் அறைதான் ஓடுறது, நடுவுல சத்தம் போற வழி கெட்டுப்போச்சு, மேலே ஊதிக்கிட்டேதான் இருக்கு, கீழே உள்ளவளுக்குக் கேக்கல, அவ பாட்டுக்கு அவ இஷ்டத்துக்கு நடக்குறா, என்றார். அப்போது புரிந்துவிட்டது. உங்க மேல தப்பு இல்ல, ஓடுனதாலயும் வரல, சில பேருக்குச் சின்ன வயசுலயே இப்படி ஆகும் என்றார். தப்பில்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. சங்கரவேலின் கேள்விகள் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தன. உரக்கடையில் வேலை பார்க்கிற ஆள், எதையும் பையின் பின்பக்கத்தில் அச்சடித்ததுவரை படித்தால்தான் திருப்தி. மிக்ஸி போடலாமா சார்? கிரைண்டர்? கரண்ட் அடுப்பு? செல்போன் எந்தக் காதில்? டி.வி. ரிமோட்டால் ஏதும் ஆகுமா? டாக்டர் சிரிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, சார், பக்கத்துல படுக்கலாமா என்று கேட்டுவிட்டான். சிஸ்டர் திரும்பிக்கொண்டு சிரித்தாள். தாராளமா என்றார் டாக்டர். இவளுக்கு மானம் போயிற்று, ஆனால் இப்போது இந்த நடையில் கிடந்துகொண்டு நினைத்தால் கண் நிறைகிறது. அந்த மனுஷன் ரெண்டு நாளாகப் படுக்கவே இல்லை. இவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஓடலாமா? ஆறு வாரம் கழிச்சு ஓடலாம், அதுவரைக்கும் இடது கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க, கபடி மட்டும் வேண்டாம், அந்த இடத்துல இடிபடக் கூடாது, என்றார். கபடி போயிற்று. போகட்டும். ஆனால் அந்த பாட்டரி. பத்து வருஷம் வரும் என்கிறார். அப்போது நாற்பத்தொன்று, பிரியாவுக்குப் பதினைந்து. அடுத்தது ஐம்பத்தொன்றில், பிரியாவுக்கு இருபத்தைந்து. அறுபத்தொன்று, எழுபத்தொன்று. உனக்குப் பொம்மை மாதிரி சாவி இருக்குமாம்மா என்று நேற்று போனில் பிரியா கேட்டாள். இல்லட்டி என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தச் சொல்லிலேயே போய் மாட்டிக்கொண்டாள். பொம்மைதானா? இனிமேல் அடிப்பது யார்? எண்ணூறு மீட்டரின் கடைசி வளைவில் காதுக்குள் அடித்ததே, பிரியாவை முதன்முதலில் நெஞ்சில் போட்டபோது அடித்ததே, அது எங்கே போகும்? ஒயர் உள்ளே போகும்போது தெரியுமா? போகிற வழியில் நின்றுவிட்டால்? நின்றது நமக்குத் தெரியுமா, இல்லை, விசில் மாதிரி, வாயில் வைத்தது மட்டும் ஞாபகம் இருந்து ஊதினது இல்லாமலே போய்விடுமா? முப்பத்துநாலு. முப்பத்துமூணு. முப்பத்திரெண்டு. ஏ, இங்க பாரு, பார்க்காதே.

அடுத்த கட்டிலில் செல்லப்பா அண்ணாச்சி. எழுபத்துமூணு வயசு, கவர்ன்மென்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், அவருக்கும் இன்றைக்கு இதே சமாச்சாரம்தான். காலையில் வந்ததும் இவளைப் பார்த்து, யாருக்கும்மா துணைக்கு வந்திருக்கே என்று கேட்டார். பச்சை அங்கியைப் பார்த்த பிறகும் கேட்டார். எனக்குத்தான் அண்ணாச்சி என்றாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டார். அது இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒன்பது மணிக்கு இவளைக் கூப்பிட வேண்டியது. அதற்குள் அவருக்குக் கொஞ்சம் சரியில்லை என்று முதலில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது ரைட், போலாம் என்று குரல் கொடுத்துக்கொண்டே போனார். கதவு மூடிக்கொண்டது. கதவின் மேல் சிவப்பு விளக்கு. இப்போதுதான் பயம் சரியாகப் பிடித்தது. இதுவரைக்கும் இருந்தது வெறும் யோசனை. எழுந்து போய்விட்டால் என்ன? இந்த ஒயர்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, படியில் இறங்கி, ஒரு ஆட்டோவைப் பிடித்து, நேரே வீடு. இத்தனை நாள் இதே இருதயத்தோடுதானே இருந்தோம்? நாற்பதோடு இருந்தோம், முப்பத்திரெண்டோடு இருந்தோம், இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன? சங்கரவேலிடம் சொன்னால் முதலில் திட்டுவான், பிறகு அழுவான், பிறகு கூட்டிக்கொண்டு போய்விடுவான், அவன் அப்படித்தான். டீ குடிக்கப் போனவன் வரட்டும், சொல்லிவிடலாம் என்றே முடிவு பண்ணினாள். முடிவு பண்ணிவிட்டு, பழக்க தோஷம், வலது கைவிரலைக் கழுத்தில் வைத்தாள். விசில் உள்ளங்கையில் அமுங்கியது. ஒன்று. ரெண்டு. மூன்று. மூன்றுக்குப் பிறகு இல்லை. விரலுக்குக் கீழே தோல் மட்டும் இருந்தது. ஒரு பிள்ளை கையைத் தூக்கி உள்ளேன் டீச்சர் சொல்ல வேண்டிய இடத்தில் பெஞ்சு காலியாகக் கிடக்கிற மாதிரி. பிறகு மெதுவாக, ஒன்றுமே நடக்காததுபோல், நான்கு. நிக்குது டீச்சர். ஆமாம், நிக்கத்தான் செய்கிறது. இத்தனை வருஷமாக எண்ணுகிறாள், சைபரைச் சேர்த்துச் சேர்த்து அந்த வெற்றிடத்தை ஒருநாள்கூடக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. முதல் தடவையாகக் கேட்டாள். கேட்ட பிறகு வீட்டுக்குப் போகிற யோசனை, எதுவும் சொல்லாமல், தானாகவே எழுந்து போய்விட்டது. பயம் போகவில்லை. அது பாட்டுக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் இருந்தது.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்து செல்லப்பா அண்ணாச்சி வெளியே வந்தார். முகம் தெளிவாக இருந்தது. தள்ளிக்கொண்டு வந்தவரிடம், காபி எப்பய்யா தருவீக என்று சண்டைக்கு நின்றார். வலிச்சுதா அண்ணாச்சி என்று இவள் கேட்டதற்கு, கூட்டமான பஸ்ஸுல எவனோ தோள்ல இடிச்ச மாதிரி இருந்துச்சும்மா, மத்தபடி ஒண்ணுமில்ல, என்றார். அவர் கட்டில் நகர்ந்ததும், அதற்குப் பின்னால் சுவரை ஒட்டி லூர்துமேரி டீச்சர், அவள் முந்தானைக்குப் பக்கத்தில் ரெட்டைச் சடையும் யூனிபார்முமாக மாரிச்செல்வி. பிரேயர் முடிந்ததும் ஹெச்.எம்.மிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாளாம். ரெண்டு நாளா வகுப்புல ஒரு வார்த்தை பேசல டீச்சர் இவ, பார்த்தாத்தான் ஆகும்னு நின்னுட்டா, என்று லூர்துமேரி சொன்னாள். பிள்ளை கிட்ட வரவில்லை. ஒயர்களையும் பெட்டியையும் பார்த்தபடி நின்றாள். இசக்கி விசிலைப் போர்வையின் மேல் வைத்துவிட்டு மணிக்கட்டை நீட்டினாள்.

“எண்ணு. முழு நிமிஷமும் எண்ணு.”

ரெண்டு விரல், குளிர்ந்த சின்ன விரல், சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளை எண்ணினாள், உதடு அசைந்தது. ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா? நடையில் யாரோ வாளியை உருட்டினார்கள். டீ குடித்துவிட்டு வந்த சங்கரவேல் ஏதோ கேட்க வாயெடுத்து, பார்த்துவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டான்.

“முப்பத்தொண்ணு டீச்சர்.”

“நிக்குதா?”

பிள்ளை லூர்துமேரி டீச்சரைப் பார்த்தாள். சொல்லலாமா என்று பயம். எந்தப் பயம் என்று இவளுக்குத் தெரியாதா.

“நிக்குது டீச்சர்.”

“ஆமா. அன்னைக்கும் நின்னுச்சு. நீ சரியாத்தான் எண்ணியிருக்கே, எனக்குத்தான் எண்ணத் தெரியல.” விட்டுவிட்டுச் சொன்னாள். “அந்த ரெண்டு ரவுண்டு நான் ஓட வேண்டியது. உன்னைப் போய் ஓட விட்டேன். ஆறு வாரம் கழிச்சு வந்து ஓடுதேன். நீ இதை ஊது.”

விசிலை எடுத்து அவள் கையில் வைத்தாள். மூன்றாவது தரம் கேட்க வந்த சிஸ்டர் ஜெசிந்தா பார்த்துவிட்டு நீட்டின கையை இறக்கிக்கொண்டாள். மாரிச்செல்வி நீல நாடாவை விரலில் சுற்றிக்கொண்டாள். சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு ரொம்ப யோசித்து ஒன்று சொன்னாள்.

“மெதுவா ஓடுனாப் போதும் டீச்சர்.”

உள்ளே குளிர் எலும்பைப் பிடித்தது. முகத்தின் ஒரு பக்கம் துணியைப் போட்டு மறைத்துவிட்டார்கள், மறுபக்கம் சுவரும் அதில் ஒரு பெரிய கடிகாரமும் தெரிந்தன. மயக்கம் கொடுக்க மாட்டார்களாம், அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. பயமா இருக்கா டீச்சர் என்று டாக்டர் நெல்சன் துணிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். இருக்கு சார், நீங்க செய்ங்க, என்றாள். ஊசி சுருக்கென்றது. பிறகு யாரோ தோளில் இடிக்கிறார்கள், தள்ளுகிறார்கள், அண்ணாச்சி சொன்ன அதே பஸ் கூட்டம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உள்ளே போங்க, ரைட், போலாம். சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது. பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டிக். டிக். அப்புறம் இல்லை. அந்த இல்லாத இடத்தில் பிரியா வந்தாள், பொம்மைக்குச் சாவி கேட்டாள். டிக். இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கிறாள், நீங்களே எண்ணிப் பாருங்க சார். டிக். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எண்ணிப் பார்த்த அந்த டாக்டர் நல்லா இருக்கணும். கையை விடாத இந்த சிஸ்டர் நல்லா இருக்கணும். வெளியே கைக்குட்டை முடிச்சோடு நிற்கிறவன் நல்லா இருக்கணும், அவன் மிக்ஸியும் கிரைண்டரும் நல்லா இருக்கணும். இந்தப் பெட்டியை எந்த ஊரில் எந்தப் பிள்ளை குனிந்து உட்கார்ந்து செய்தாளோ, அவளும். டிக். இல்லை. இல்லை. இவ்வளவு நேரமா, ஐயோ இவ்வளவு நேரமா, கடிகாரத்தின் முள் நகர்கிறது, நகர்கிறது, டிக். இதோ கனெக்ட் பண்ணிட்டேன் டீச்சர் என்றார் டாக்டர். ஒன்றுமே தெரியவில்லை. இடி இடிக்கவில்லை, மின்னல் வெட்டவில்லை. காதில் மட்டும் ஏதோ மாறியது. டிக், டிக், டிக். காலி பெஞ்சில் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டாள். விரல் நுனிகள் கதகதப்பாகிக்கொண்டு வந்தன. இத்தனை வருஷமாக அவை குளிர்ந்துதான் கிடந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடிப்பது யார் என்று கேட்டாளே, கேள்வியே தேவைப்படவில்லை. சத்தம் கேட்டதும் கீழே உள்ளவள் ஓடினாள், ஓடுகிறவள் இவள்தான். பழக்கத்தில் ஆறு நொடி எண்ணினாள். ஆறு. சைபர் சேர்த்தால் அறுபது. சேர்க்கவில்லை. முள் பன்னிரண்டுக்கு வரட்டும் என்று காத்திருந்து, ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். உதடு தானாக அசைந்தது. என்ன டீச்சர், ஜெபமா என்று சிஸ்டர் குனிந்து கேட்டாள். இவள் பதில் சொல்லவில்லை, சொன்னால் கணக்குத் தப்பிவிடும். நாற்பது. நாற்பத்தொன்று. கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. முள் பன்னிரண்டுக்கு வந்தது. நடுவில் ஒரு இடத்திலும் துடிப்பு நிற்கவில்லை. ஆறு வாரம், ரெண்டு ரவுண்டு, வாதாம் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் மூலைவரைக்கும்.